பாடையில் சிரித்த அம்மா

மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு பாடை தெரிந்தது. அதில் ஒரு பெண் படுத்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக் கட்டு. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து இன்னொரு கட்டு. கறுப்பு வெள்ளைப் படம். சத்தம் கிடையாது.

ஓரத்தில் நின்று யாரோ கையை ஆட்டினார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

அவள் என் அம்மா. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது செத்துப்போனவள். எனக்கு இப்போது பேத்தி இருக்கிறாள்.

"அம்மா!" என்று கத்திவிட்டேனாம். பக்கத்து நாற்காலிக்காரி பிறகு சொன்னாள். சொந்த அம்மா பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் நீங்கள் மட்டும் கத்த மாட்டீர்களா?

இந்தத் தொடரில் போன வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டுக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு என்னை உட்கார வைத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். அந்தக் கோமதி அங்கேயே இருக்கட்டும், எங்கேயும் ஓடிவிட மாட்டாள். இது நடந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சூடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஆறிப்போன பிறகு எழுதினால் நானே இட்டுக்கட்டிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பாடை போக வழியில்லை

"ஆறு கதவு வீடு" பார்க்காத ஆள் தமிழ்நாட்டில் உண்டா? உண்டு. நான்தான்.

ஆனால் கதை எனக்கு மனப்பாடம். அண்ணன் தம்பி ஆறு பேர், ஒரே வீடு. மூத்தவனின் மனைவிதான் தம்பிகள் ஐந்து பேருக்கும் சோறு போட்டு வளர்த்தவள். ஒவ்வொருத்தனுக்கும் கல்யாணம் ஆக ஆக, வீட்டுக்குள் ஒரு சுவர் எழும்புகிறது. ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு கதவு. கடைசியில் அந்த மதினி சாகிறாள். பாடையைத் தூக்கினால் வெளியே கொண்டுபோக வழியில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர் இடிக்கிறது. பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தம்பிகள் கடப்பாரை எடுத்து அவரவர் கட்டிய சுவரை அவரவரே இடிக்கிறார்கள். அப்புறம் பாடை தெருவுக்கு வருகிறது. அந்தத் தெரு எங்கள் சங்கரன்கோவில் ரதவீதி.

படம் பார்த்துவிட்டு வந்து நிஜமாகவே சுவரை இடித்த குடும்பங்கள் உண்டு என்பார்கள். பனவடலிசத்திரத்தில் ஒருவர் அழுதுகொண்டே இடித்துவிட்டு, கண்ணீர் காய்ந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு மறுபடி கட்டினாராம். இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் பாகப்பிரிவினைப் பேச்சில் எவனாவது முறுக்கிக்கொண்டால், "வே, பாடை போக வழி விட்டுச் சுவர் வையும்" என்பார்கள். படத்தின் பெயரே தெரியாத பயல்கள்கூடச் சொல்வார்கள்.

படம் எடுத்த வீட்டில் இப்போது முன்பக்கம் செல்போன் கடை, பின்பக்கம் பரோட்டாக் கடை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, அப்படியே ஒரு பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் போடுவார்கள். விளம்பரம் வந்ததுமே அப்பா எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். சுவிட்சை அணைத்தால் அவருக்குப் போதாது. வேலைப் பயிற்சிக்குப் போயிருந்த ஊரில் என்கூட இருந்த பெண்கள் எல்லோரும் கும்பலாக அந்தப் படத்துக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். ஊரே அழுத அந்தப் பாடையில் படுத்திருந்தது என் அம்மா. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பெற்றவளைப் பிணமாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நடிகை மாட்டேன் என்றார்

ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து, நிஜத் தெருவில் நிஜ ஜனங்களை வைத்து எடுக்க வேண்டும் என்று ஒரு டைரக்டர் பிடிவாதமாக எங்கள் ஊருக்கு வந்தார். அவர் கூட்டத்துக்கு உள்ளூரில் கட்டில், பாய், பாத்திரம், மாட்டுவண்டி என்று எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தவர் லிங்கம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. இருபது வயதைத் தாண்டியிருப்பார். "எலே லிங்கம்" என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஒற்றைக் காலில் நின்று செய்வாராம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பாடைக் காட்சி வந்ததும் நடிகை மாட்டேன் என்றுவிட்டார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கட்டிலில் கண்மூடிப் படுக்கிற காட்சி சரி, பாடையில் ஏற மாட்டேன் என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன்.

அதே உயரம், அதே உடம்புவாகு உள்ள ஒரு பெண் வேண்டும். முகம் தூரத்தில்தான் தெரியும். ஊரில் தேடினார்கள். யார் ஒத்துக்கொள்வார்கள்? கடைசியில் மாமா தன் அக்காவைக் கூட்டிப்போனார். எனக்குச் சொல்லி வளர்த்த கதை அதுதான். அப்பா முன்சீப் கோர்ட்டில் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவருக்குத் தெரியாமல் மாமா கூட்டிப்போய்ப் பாடையில் படுக்க வைத்துவிட்டார்.

இங்கே ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லியாக வேண்டும். சினிமாவில் யாராவது பிணமாக நடித்தால், காட்சி முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விட விட மாட்டார்கள். அவரை எழுப்பி உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் ஒரு துண்டு எடுப்பார்கள். "இவர் சாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறார்" என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவதற்கு. பிறகு பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். அந்தச் சிரிப்புத் துண்டு படத்தில் வராது. யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கேயாவது வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

என் அம்மாவைச் சிரிக்க வைத்தார்களா, இல்லையா? எங்கள் குடும்பம் உடைந்தது இந்த ஒரு கேள்வியில்தான்.

"நான் அங்கன இல்லயே"

படம் வெளிவருவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனார்கள். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்கிற வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பாதியிலேயே அழைத்து வந்தார்கள்.

வாசலில் மறுபடியும் பாடை. இந்தத் தடவை கேமரா இல்லை.

அப்பாவின் மூத்த அக்கா, நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன், பிணத்தின் தலைமாட்டில் நின்று கத்தினாள். அவள் நின்றால் தெருவே அடங்கும். அவள் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

"எவம்லே இவளைப் பாடையில ஏத்துனது? உயிரோட இருக்கவளைப் பாடையில ஏத்துனா எமன் சும்மா விடுவானா?"

மாமா கூட்டத்துக்கு முன்னால் வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மதினி, சிரிக்க வச்சோம். அக்கா நல்லாச் சிரிச்சா. படமும் எடுத்தாங்க. எங்கண்ணால பார்த்தேன்."

பெரியத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "ஏலே, நீ பார்த்தியா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அங்கன இல்லயே, அக்கா."

அவ்வளவுதான். ஒரு வரி. "இனி இந்த வாசப்படியை மிதிச்சேன்னா காலை ஒடிச்சிருவேன்" என்று பெரியத்தை மாமாவைத் துரத்தினாள். சொந்த அக்காவுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடக்கூட விடவில்லை. ஊரெல்லாம் அதே பேச்சு: லிங்கம்தான் அக்காவைக் கொன்றான், வெளிச்சம் போகுது என்று அவசரப்பட்டு, சிரிப்புத் துண்டு எடுக்காமல் விட்டுவிட்டான். மாமா புளியங்குடிக்குப் போய் எலுமிச்சம்பழ மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் அந்தப் பேர் கூடவே போயிற்று. அவருக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்கு நல்லது பொல்லாதது நடக்குமா? எனக்கு நடந்தது. நான் சடங்கானபோது மாமன் சீர் வரவில்லை. கல்யாணத்தில் மாமன் மாலை இல்லை. ஒன்றுவிட்ட யாரோ ஒருவர் வந்து மாமன் இடத்தில் நின்றார். அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எனக்கும் லிங்கம் மாமாவைப் பிடிக்காது. புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை எதிரே வந்தார். "கோமு..." என்று வாயெடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அம்மாவைக் கொன்றவரோடு எனக்கு என்ன பேச்சு?

அப்பா மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பொண்டாட்டி மேல எவ்வளவு பிரியம் பாரு" என்று ஊர் மெச்சிற்று. நானும் மெச்சினேன்.

சென்னையிலிருந்து ஒரு போன்

நிவேதா என்று ஒரு பெண் போன் செய்தாள். பழைய படங்களின் பிரிண்டைச் சுத்தப்படுத்தி, கம்ப்யூட்டரில் ஏற்றிப் புதிதாக்குகிற வேலை அவளுக்கு. "ஆறு கதவு வீடு" முழுவதையும் புதுப்பித்துவிட்டார்களாம். எடுத்த ஊரிலேயே முதலில் திரையிடப் போகிறார்களாம்.

"பழைய டப்பாவில் படத்துல இல்லாத ஒரு துண்டு கிடைச்சிருக்கும்மா. அதுல இருக்கிறவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியலை. ஊர்ல விசாரிச்சோம். டெலிபோன் கோமதி அம்மாகிட்ட கேளுங்கன்னாங்க. நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் உண்டு. கல்யாணப் போட்டோ. அதிலும் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். உச்சி வகிடுதான் நன்றாகத் தெரியும். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று ஆசை வந்துவிட்டது.

திரையிட்டது எங்கள் ஊர்ப் பழைய தியேட்டரில். அது இப்போது கல்யாண மண்டபம். "மண்டபத்துக்குப் போயிட்டு வாரேன்ப்பா" என்றேன். அப்பாவுக்கு எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பேப்பரை லென்ஸ் வைத்து ஒரு எழுத்து விடாமல் படிப்பார். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் "யார் வீட்டுக் கல்யாணம்?" என்றார்.

"வேண்டியவங்க வீட்டுதுதான்" என்றேன்.

காலைக் காட்சி. முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் வாசலில் நின்றது. மணமேடையை மறைத்துத் திரை கட்டியிருந்தார்கள். நல்ல கூட்டம். நிவேதா மைக்கில் இரண்டு வார்த்தை பேசினாள். படத்துக்கு முன்னால் அந்தத் துண்டைப் போடப்போவதாகச் சொன்னாள்.

விளக்கை அணைத்தார்கள்.

திரும்பிய முகம்

முதலில் சொன்னேனே, அம்மா எழுந்து உட்கார்ந்தாள் என்று. அது மட்டும் என்றால் என் அதிர்ச்சி அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

எழுந்து உட்கார்ந்தவள் சிரிக்கவில்லை. வெட்கம். கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ சிரிக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறார்கள். அவள் தலையைத் தலையை ஆட்டுகிறாள். சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொள்கிறாள். தாடைக் கட்டு நெகிழ்ந்து ஒரு பக்கக் காதில் தொங்குகிறது. என் பேத்தியைப் போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் இப்படித்தான் நெளிவாள். அய்யோ, எத்தனை சின்னப் பெண்! என் மகளைவிடச் சின்னவள் என் அம்மா.

இடது பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். சட்டையை பேண்டுக்குள் விட்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. குனிந்து, அவள் காதில் ஏதோ சொன்னார்.

அம்மா சிரித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அந்த ஆளின் தோளில் ஓர் அடி போட்டுச் சிரித்தாள்.

மாமா சொன்னது உண்மை. சிரித்தாள். படமும் எடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் "கோமு" என்று வாயெடுத்த அந்த மனிதருக்கு நாங்கள் செய்ததெல்லாம் என்ன?

அது முழுசாக எனக்குள் இறங்குவதற்குள் அம்மா பாடையிலிருந்து இறங்கப் பார்த்தாள். கால் விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததை மறந்துவிட்டாள். தடுமாறி விழப்போனவளை அந்த ஆள் சட்டென்று தாங்கிப் பிடித்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிடித்த பிடியை விடாமல் அவர் கேமரா பக்கம் திரும்பினார்.

அது என் அப்பா.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. பல் தெரியப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மூக்கும், ஏறி இறங்குகிற புருவமும் அவருடையவைதான். அந்த மூக்குதான் என் முகத்திலும் இருக்கிறது.

"நான் அங்கன இல்லயே, அக்கா."

இருந்திருக்கிறார். இருந்தது மட்டுமா, சிரிக்க வைத்ததே அவர்தான். திரை வெள்ளையாகிவிட்டது, ஜனங்கள் கைதட்டினார்கள். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நிவேதா ஓடிவந்து, "அம்மா, இவங்கதானா? கூட இருக்கிறது யாரு?" என்று கேட்கிறாள். தண்ணீர் கொடு என்று சைகை காட்டினேன்.

ஓர் எலுமிச்சம்பழம்

படம் ஓட ஆரம்பித்தது. நான் எழுந்து வெளியே வந்து வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலை சுற்றியது. யாரோ என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள்.

"மோந்து பாரு மக்ளே. தெளிஞ்சிரும்."

லிங்கம் மாமா. நிவேதா அவரையும் கண்டுபிடித்துக் கூப்பிட்டிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். தலை முழுக்க வெளுத்து, முதுகு கூனியிருந்தது. சட்டைப் பையில் இன்னும் இரண்டு எலுமிச்சம்பழம்.

எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. "மாமா, அப்பா அங்கன இருந்தாங்களா?" என்றேன். கேட்கிற கேள்வியா அது? இப்போதுதான் கண்ணால் பார்த்திருந்தேன்.

"இருந்தாரே. அவருதான் அரை நாள் லீவு போட்டுட்டு ஒங்கம்மையைக் கூட்டிட்டு வந்தாரு. அக்கா மாட்டேன் மாட்டேன்னா. அத்தானுக்கு அந்தக் காலத்துல சினிமான்னா உசுரு. புதுப்படம்னா திருநவேலிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து வசனம் பூரா பேசிக் காட்டுவாரு. 'நம்ம ஆவுடை சினிமாவுல வந்தாள்னு நாளைக்கு நம்ம புள்ள பெருமையாச் சொல்லும்லா'ன்னு சொல்லிச் சொல்லித்தான் ஏத்துனாரு."

என் அப்பாவா? பிளக்கைப் பிடுங்குகிற அப்பாவா?

"பெரியத்தை கேட்டப்ப நீங்க ஏன் சொல்லலை? இவரும் அங்கன இருந்தாருன்னு ஏன் மாமா சொல்லலை?"

மாமா தெருவைப் பார்த்தார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ ஒங்கப்பன் காலைக் கட்டிக்கிட்டு நின்ன. சின்னப் புள்ள. அம்மையும் போயிட்டா. அப்பன்தான் அவளைப் பாடையில ஏத்துனவன்னு ஆயிட்டா நீ எங்கன போவ? மாமன் இல்லாம ஒரு புள்ள வளந்திரும் மக்ளே. அப்பன் இல்லாம வளருமா?"

நான் அந்தப் பழத்தை நசுக்கிவிட்டேன் போலிருக்கிறது. கையெல்லாம் சாறு வழிந்தது.

என் ஆயுசில் எத்தனையோ பேருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாவுச் செய்தி, சண்டை, பெண் பார்த்துவிட்டு வந்த செய்தி எல்லாம் என் காது வழியாகத்தான் போயிருக்கிறது. ஊர் வீட்டு விஷயமெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர் உண்டு. சொந்த வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாமல்தான் தலை நரைத்திருக்கிறேன்.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். வரமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினேன். வீடு வந்ததும் இறங்க மறுத்துவிட்டார்.

"வேண்டாம் மக்ளே. அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். நீ போயிட்டு வா. நான் இங்கன இருக்கேன்."

உலை கொதிக்கு

அப்பா அதே நாற்காலியில், அதே லென்ஸோடு இருந்தார். "சாப்பாடு எப்படி?" என்றார்.

நிவேதா அந்தத் துண்டை என் போனுக்கு அனுப்பியிருந்தாள். பேப்பரை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டுப் போனைக் கொடுத்தேன். நான் அப்பாவிடம் எதையும் பிடுங்கியதில்லை. அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு லென்ஸைப் போனின் மேல் வைத்துப் பார்த்தார்.

துண்டு முடிந்தது. முடிந்த பிறகும் லென்ஸை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன்.

"நான் அங்கன இல்லன்னீங்களே?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அப்பாவிடம் உயர்த்தாத குரல். "ஒரு மனுசன் வாழ்க்கையே நாசமாப் போச்சுப்பா. எனக்கு மாமன் மாலை இல்ல. அவருக்குக் கல்யாணமே இல்ல. ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அக்கா கேட்டா. பயந்துட்டேன்." எண்பத்தைந்தைத் தாண்டிய கிழவர் சின்னப் பையனைப் போலச் சொன்னார். "மறுநா மாத்திச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். மறுநா அதைவிடப் பயமாயிட்டு. அப்புறம் ஊரே பேச ஆரம்பிச்சிட்டு. நான்தான் அவளைப் பாடையில ஏத்துனேன்னு எனக்கே சொல்லிக்கிட முடியல மக்ளே, ஊருக்கு எப்படிச் சொல்லுவேன்?"

"சிரிச்சாளே அம்மா. அதையாவது சொல்லியிருக்கலாம்லா?"

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது. "அம்மா காதுல அப்படி என்ன சொன்னீங்க?"

அப்பா வாயைத் திறந்தார்.

"'ஏட்டி, எந்திரி, உலை கொதிக்கு'ன்னேன். தினம் காலையில அவ என்னை எழுப்புறது அப்படித்தான். அதை நான் திருப்பிச் சொன்னேன்." லென்ஸைக் கீழே வைத்தார். "நெசமாப் போன அன்னைக்கும் அதையேதான் அவ காதுல சொன்னேன். ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். எந்திரிக்கல."

அவரை ஓர் அறை விடலாமா என்று எனக்கு இருந்தது. கட்டிக்கொண்டு அழலாமா என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பெற்ற அப்பாவைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதாமல் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.

"மாமா வாசல்ல ஆட்டோவுல இருக்காங்க. உள்ள வர மாட்டேங்காங்க" என்றேன்.

அப்பா எழுந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். நான் போய்த் தாங்கவில்லை, பின்னாலேயே போனேன்.

வெளியே உச்சி வெயில். ஆட்டோ டிரைவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு மருமகள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி வண்டிக்காரர் வேப்பமர நிழலில் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா ஆட்டோவுக்குள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துத்தான் கத்தினார். அந்த வயதில் அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"வே! எல்லாரும் கேளுங்க வே! ஆவுடை சிரிச்சா! நான் அங்கன இருந்தேன்! நான்தான் அவளைப் பாடையில படுக்கச் சொன்னேன், நான்தான் சிரிக்க வச்சேன்! இவன் மேல ஒரு தப்பும் கிடையாது!"

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டார். எதிர் வீட்டு மருமகள் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல், "ஆவுடைன்னா யாரு தாத்தா?" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். தெருவின் அந்தக் கோடிவரை பார்த்தார். பெரியத்தை போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் ஒருவர்கூட இந்தத் தெருவில் இல்லை. யார் காதில் விழ வேண்டுமோ அவர்கள் யாருமே இல்லை. அப்பாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் பிடித்த கை நழுவிற்று. அப்படியே சரியப் பார்த்தார்.

நான் எட்டுவதற்குள் மாமா ஆட்டோவிலிருந்து இறங்கி அவரைத் தாங்கிப் பிடித்துவிட்டார்.

"போதும் அத்தான், போதும். வெயிலு கொளுத்துது. உள்ள வாங்க."

அப்பாவை அவருடைய வீட்டுக்குள் மாமாதான் கூட்டிப்போனார்.